மாமனாரின் போன் பறந்த தலையாடி

ஆடி மாதம் காற்றடிக்கும் என்பது தருமபுரிப் பக்கம் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அந்த வயதில் நான் என் மூளையை விட்டுவிட்டு லேப்டாப்பை நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான முதல் ஆடி. அதியமான்கோட்டையில் மாமனார் வீட்டில் தலையாடி விருந்து. மாமனார் தக்காளி விவசாயி, அதிகம் பேசமாட்டார். நான் வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன் என்பதால், மாப்பிள்ளைக்கு உண்மையில் ஏதாவது தெரியுமா என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. அதை ஒரே நாளில் தீர்த்துவிடலாம் என்று, பொழுதுபோக்காக நான் செய்த தெர்மாகோல் விமானத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதன் இறக்கை லேசுப்பட்டதல்ல. இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவத்தைக் கொடுத்தால், அது எவ்வளவு தூக்கும், காற்று எவ்வளவு பின்னுக்கு இழுக்கும் என்று கோடு போட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. அதன் முன்னால் தவம் கிடந்து, இருப்பதிலேயே நன்றாக மிதக்கும் வடிவத்தைப் பிடித்திருந்தேன். மோட்டார் கிடையாது, ரிமோட் கிடையாது. மாடியிலிருந்து வீசினால் வயல் மேல் மிதந்து போய்க் கடைசி வரப்போரம் இறங்கும். கணக்கு அப்படித்தான் சொன்னது. "காத்து அடிக்குதுங்களே," என்றாள் என் மனைவி. காற்றே அடிக்காத இடத்துக்குப் போட்ட கணக்கு அது என்று விளக்கினேன். (விளக்கும்போது ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.)

வயலை மேலிருந்து படம் பிடிக்க ஒரு போன் வேண்டும். என்னுடையது எடை அதிகம் (விலையும்தான்). மாமனாருடையதைக் கேட்டேன். தக்காளி வியாபாரிகள் அத்தனை பேரும் அதில்தான் அவரைப் பிடிப்பார்கள். ஆனாலும் தலையாடிக்கு வந்த மாப்பிள்ளைக்கு இல்லையென்று எப்படிச் சொல்வார்? துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

அதை விமானத்தின் வயிற்றில் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, மாடியிலிருந்து வீசினேன். மென்பொருள் பொய் சொல்லவில்லை, விமானம் அபாரமாக மிதந்தது. கடைசி வரப்பைத் தாண்டியும் மிதந்தது.

"மாப்ள, அது திரும்பி வருங்களா?" என்று கேட்டார் மாமனார்.

"வருங்க மாமா," என்றேன். அப்போது அது பக்கத்துத் தோட்டத்துத் தென்னைகளுக்கு மேலே இருந்தது. காற்று இன்னும் ஒரு தூக்குத் தூக்கி, நெடுஞ்சாலை டீக்கடையில் நின்றிருந்த வைக்கோல் லாரியின் மேல் கொண்டுபோய், அடைக்கோழியை உட்கார வைப்பதுபோல் உட்கார வைத்தது. நாங்கள் பைக்கை எடுப்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

மனைவியின் போனிலிருந்து விடாமல் அடித்தோம். லாரி கிருஷ்ணகிரியில் நின்றபோதுதான் டிரைவர் எடுத்தார். "வைக்கலுக்குள்ள மணி அடிக்குதேன்னு ஏறிப் பாத்தேனுங்க. ஏரோப்ளேன் இருக்குது. வந்து வாங்கிக்கிறீங்களா?"

இலை போட்ட விருந்து அப்படியே கிடந்தது. மாமனார் பைக் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவ்வளவு அவமானமாக இருந்தது. போன் கைக்கு வந்ததும் வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். வயல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது, மீதியெல்லாம் வைக்கோல். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தெளிவா எடுத்திருக்குதுங்க," என்றார்.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் விளையாடக் கேட்டால் தாத்தா போனைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அவசரத்துக்கு நான் கேட்டாலும் மறுக்கமாட்டார். "யாருக்குங்க மாப்ள? நம்பரச் சொல்லுங்க," என்று தானே போட்டு, என் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து மாமியாருக்கும் என் மனைவிக்கும் சமையலறையில் வேலை வந்துவிடும்; அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நான் பேசி முடிக்கும்வரை மாமனார் பிடியை விடுவதில்லை.