ஞாயிற்றுக்கிழமை டாக்டர்

"ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க தம்பி. அந்த ஞாயித்துக்கிழமை குரல்ல," என்றாள் கீழ்வீட்டு ஷம்சாத்.

ஜெபகுமார் கதவை முழுதாகத் திறக்கவில்லை. "நான் டாக்டர் இல்லக்கா."

"அது எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசம் சீரியல்ல இன்ஸ்பெக்டரா பேசினீங்க. நான் கம்ப்ளெயின்ட் குடுக்க வந்தேனா?"

அவள் கணவர் மைதீன் பிச்சைக்கு ஹெர்னியா. மறுநாள் காலை ஜி.எஸ்.டி. ரோட்டு நர்சிங் ஹோமில் ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை வாசல்வரை போய் ஆட்டோவைத் திருப்பியவர். இனியும் தள்ளிப்போட்டால் குடல் சிக்கி அழுகிவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜெபகுமாருக்கு டப்பிங் தொழில். அமெரிக்க ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கும் பெரிய பெரிய ஆபரேஷன்களை டிவியில் தமிழில் காட்டினார்கள். அதில் தலைமை டாக்டருக்கு அவன் குரல். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு பீர்க்கன்கரணையில் அந்தத் தெருவே வாயைப் பிளந்துகொண்டு உட்காரும். மண்டையைத் திறந்து மூடினால் கைதட்டும். "மனுஷனா அவன், தெய்வம்" என்று ஜன்னலுக்கு ஜன்னல் கேட்கும்.

அந்தக் கைதட்டலைக் கேட்டால் ஜெபகுமாருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முகமூடி போட்ட ஆளுக்கு டப்பிங் பேசுவது சுலபம். உதடு தெரியாது. எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். ஆங்கிலத்தில் அந்த டாக்டர், "பார்ப்போம், தெரியவில்லை" என்று முனகுவார். தமிழில் ஜெபகுமார், "பயப்பட வேண்டாம். உங்களை நான் காப்பாற்றுவேன்" என்று முழங்குவான். அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

அவன் மனைவி ஜான்சி இறந்து பத்து மாதம். கர்ப்பப்பையில் கட்டி. அரை மணி நேர வேலை என்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். காரில் ஏறிப் போனார். ஜெபகுமார் அன்று பதில் பேசவில்லை. அந்தப் பதில் பத்து மாதமாக உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது. எந்த டாக்டராவது கையில் கிடைத்தால் போதும்.

"சொன்னா விட்டுடுவீங்களா?" என்றான்.

"சத்தியமா."

கீழே போனான். சொன்னான். மைதீன் பிச்சை அந்த இரண்டு வாக்கியத்தையும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "காலைல எட்டு மணிக்குக் கிளம்பணும் தம்பி. நீங்க முன்சீட்டுல உக்காந்துக்குங்க," என்றார்.

"நான் எதுக்கு பாய்?"

"அங்க போயி எனக்குப் பயம் வந்தா, யாரு பேசுவா?"

காலையில் போனான். போகாவிட்டால் ஆட்டோ மறுபடி திரும்பும்.

வார்டில் ஐந்து கட்டில். மைதீன் பிச்சை படுத்த கையோடு பக்கத்துக் கட்டிலிடம் சொல்லிவிட்டார். பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த ராஜகோபால் எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். வார்டு ஆயா அம்மணி ஓடிப்போய் ஒரு எக்ஸ்ரேவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"எங்க அக்காவோடது சார். நெஞ்சுல இன்னாவோ கீதுன்றாங்க. கொஞ்சம் பாரு சார்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

"டிவில அம்மாம் பெரிய மூளையவே பார்த்த, இத பார்க்க மாட்டியா?"

அடுத்த வார்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். அத்தோடு ஜெபகுமாரின் பொறுமை போயிற்று.

"நல்லா கேட்டுக்குங்க," என்றான். "அந்த வெள்ளக்காரன் காப்பாத்துவேன்னு சொல்லவே இல்ல. 'பார்ப்போம், தெரியல'ன்னுதான் சொன்னான். நான் பேசினதெல்லாம் பொய். இவனுங்க யாரும் தெய்வம் இல்ல. அரை மணி நேரம்னு சொல்லி என் பொண்டாட்டிய உள்ள கூட்டிட்டுப் போனானுங்க."

மைதீன் பிச்சை கட்டிலைவிட்டு இறங்கினார்.

"ஷம்சாத், என் செருப்பு எங்க?"

ராஜகோபால் கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைக் காட்டி, "சிஸ்டர், முதல்ல இதக் கழட்டுங்க," என்றார். தையலைக் காட்டியவர் சட்டையைக்கூட இறக்காமல் வெளியேறினார்.

ஷம்சாத் சத்தம் போடவில்லை. "நீங்க கோபப்படுறதுக்கு எங்க வீட்டு ஆளுதான் கெடச்சாரா தம்பி?" என்றாள்.

மைதீன் பிச்சை ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, கட்டிலுக்கடியில் குனிய முடியாமல் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

ஜெபகுமார் பல்லைக் கடித்தான். தொண்டையைச் செருமினான். வார்டு முழுக்கக் கேட்கும்படி, அந்தக் குரலில், இரண்டு வாக்கியத்தையும் சொன்னான். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கோபமாகச் சொன்னதில்லை.

மைதீன் பிச்சை மெல்லக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"அப்ப முன்னாடி சொன்னது?" என்றார் ராஜகோபால்.

"அது துக்கத்துல சொன்னது. இதுதான் நெசம்," என்றார் மைதீன் பிச்சை.

ஸ்ட்ரெச்சர் வந்து அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனது. கதவு மூடியது. கால் மணி நேரம் கழித்து அம்மணி ஓடிவந்தாள்.

"சார், உன்ன டாக்டரு உள்ள கூப்புடுறாரு. வார்டுல நீ கத்துனது அவரு காதுல வுய்ந்துச்சு போல."

"வர்றேன்," என்று ஜெபகுமார் எழுந்தான். பத்து மாதமாகச் சேர்த்த வார்த்தைகள் அத்தனையும் வரிசையில் நின்றன. முதல் வார்த்தையே கெட்ட வார்த்தை.

டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பச்சை அங்கியில், ஈரக் கைகளை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, கை கழுவும் இடத்தில் தனியாக நின்றிருந்தார். அம்மணி வெளியே போகும்வரை பேசவில்லை. பிறகு ஜெபகுமாரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பெரிய டாக்டர் இன்னைக்கு வரல சார். முதல் தடவையா நான் மட்டும் பண்ணணும். வார்டுல பாய்க்குச் சொன்னத எனக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க."