மார்க்ஸ் டோர்மோயில் பொங்கிய பால்

பால் பொங்க மறுத்தது.

தைப்பொங்கலன்று பிரெஞ்சுத் தலைநகரின் மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் புதுவீட்டுக்குக் குடிபுகுந்திருந்தார்கள் அருண்பிரசாத்தும் அஜந்தாவும். அஜந்தாவின் அம்மா கோசலை விடியற்காலையிலேயே புறநகர் கார்ஜ் லே கொனெஸிலிருந்து ரயிலேறி வந்து நிபந்தனையைச் சொல்லிவிட்டார். பால் கிழக்கே பொங்கிச் சரிந்தால் இங்கே இருக்கலாம். மேற்கே சரிந்தால் இந்த வீடு ஆகாது. மூட்டை முடிச்சோடு கார்ஜுக்கே திரும்பி, பழையபடி அவரோடுதான் இருக்க வேண்டும். கல்யாணமான நாள்முதல் மாமனாரின் குறட்டையை ஒரு மெல்லிய சுவருக்கு இப்பால் படுத்துக் கேட்ட அருண்பிரசாத் பானையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

வானம் முழுக்க மேகம். கிழக்கு எது என்பதையும் ஒரு ரயில் நிலையத்தின் பெயரை வைத்துக் கோசலையே தீர்த்துவைத்தார்.

"கார் து நோர் அந்தப் பக்கம். நோர் எண்டால் வடக்கு. அப்ப இந்தச் சுவர்ப் பக்கம் கிழக்கு, யன்னல் பக்கம் மேற்கு."

அருண்பிரசாத் திருச்சிக்காரன். திரவங்கள் ஓடும் விதத்தை ஆராய்வது அவன் வேலை. குழாயைத் திறந்தால் மூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பான். செய்கிற வேலைமேல் இவ்வளவு ஆசை வைத்தவனை மெச்சத்தான் வேண்டும்.

"கவலைப்படாதீங்க மாமி," என்றான். "வரி வரியா, ஒண்ணோட ஒண்ணு கலக்காம போனா அது வரிச்சீர் ஓட்டம். கன்னாபின்னான்னு சுழிச்சுக்கிட்டுப் போனா சுழற்சி ஓட்டம். பால் வரிச்சீரா வழிஞ்சா, நாம சாய்ச்ச பக்கம்தான் போகும்."

ஓரிடத்தில் நேரத்துக்கு நேரம் வேகம் மாறாதிருந்தால் மாறா ஓட்டம், மாறினால் மாறும் ஓட்டம் என்று அவன் தொடர, கோசலை வாய் பிளந்து கேட்டார்.

"தம்பி கதைச்சால் பாலும் பொங்காமல் நிண்டு கேக்குது," என்றார். அதில் கிண்டலே இல்லை.

பானையின் ஜன்னல் பக்க அடியில் ஒரு கரண்டிக்காம்பைச் செருகிச் சுவர்ப்பக்கம் சாய்த்தான். இது சாத்திரப் பிழையோ என்று கோசலை யோசித்தார். படித்த பிள்ளை என்று விட்டுவிட்டார். சாய்ந்த பானை மின்னடுப்பில் ஒரு விளிம்பில்தான் தொட்டது. பால் இன்னும் சோம்பியது. சூட்டைக் கூட்டினான். சூடான பக்கம் கொதித்தெழுந்து, நுரையையெல்லாம் ஜன்னல் பக்கமே தள்ளியது. நுரையைத் திருப்ப அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றினான். பால் முழுக்கச் சுழன்றது. பானை ஆடியதில் கரண்டி வழுக்கி வெளியே வந்தது.

பால் ஒரே பாய்ச்சலில் ஜன்னல் பக்கம் சரிந்து, ஜன்னலில் தெறித்துத் தரையெல்லாம் ஓடியது.

அஜந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சின்ன வீட்டை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அருண்பிரசாத்துக்கும் அப்படித்தான். ஆனாலும் தரையைப் பார்த்தவனால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன அழகான சுழற்சி ஓட்டம், மாமி."

"ஓம் தம்பி, வடிவாத்தான் கிடந்தது. சாமான்களைக் கட்டுங்கோ."

கதவு தட்டப்பட்டது. தீய்ந்த வாசனை வரவே, தரை துடைக்கும் துணியோடு வந்திருந்தாள் பக்கத்து வீட்டு ஜிஸ்லேன். அந்தத் தளத்தில் நெடுங்காலமாக இருப்பவள். கேள்வி எதுவும் கேட்காமல் குனிந்து துடைத்தாள். பிறகு நிமிர்ந்து, பால் சொட்டும் ஜன்னலைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் கோசலை.

அஜந்தா மெல்ல மொழிபெயர்த்தாள்.

"அந்த யன்னலுக்கு முதல் திரைச்சீலை போடட்டாம், அம்மா. இல்லாட்டி விடியக்காலமை சூரியன் நேரே முகத்திலைதான் அடிக்குமாம்."