பூங்கொடி எழுத்தில் ஒரு கழிவுநீர் வண்டி

அன்பு மருமகனுக்கு,

உன் தாய்மாமன் ஆசிகளோடு எழுதுவது. நான் நலம். உன் அம்மாவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது. இனி வருவதெல்லாம் வயிற்றெரிச்சல்.

எழுத்து வரைகிற படிப்பைப் படித்த நீ, விடுமுறைக்கு வந்த இடத்தில் என் கழிவுநீர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "மாமா, இந்த எழுத்து கத்துது. நான் இதைப் பேச வைக்கிறேன்" என்றாய். சாப்பிட்டுக் கண் சொக்கியிருந்த நேரம், சரி என்று சொல்லித் தொலைத்தேன். நீ கிளம்பிய அன்று மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தால், குண்டு குண்டாக மஞ்சளில் இருந்த 'கழிவுநீர் அகற்றப்படும்' போய், அந்தக் காலத்து வாசனைத் தைலப் புட்டியின் மேல் இருப்பதுபோல் ஒரு எழுத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் தலைமுடி மெல்லிசு. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில், எங்கேயோ நடக்கப் புறப்பட்டதுபோல் சின்னப் பாதம். 'ழி'யின் வால் இறங்கி, வளைந்து, இலைவிட்டு, பின்சக்கரம் வரைக்கும் போய் அங்கே ஒரு மொட்டும் வைத்திருக்கிறது. அழகில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் ஒருத்தருக்கும் படிக்க வரவில்லையே அப்பா.

முதல் நாளே ஒரு அம்மாள் பாத்திரத்தோடு ஓடிவந்து பன்னீர் லிட்டர் என்ன விலை என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன், வேறு என்ன சொல்ல. அடுத்து ஒரு போட்டோக்காரர் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் டேங்கில் சாய்த்து நிற்க வைத்துவிட்டார். பெண் குழாய்க்குப் பக்கத்தில் கன்னத்தைக் கொண்டுபோகிறாள். டிரைவர் பதறிப்போய் தூரத்திலிருந்தே இரண்டு கையையும் ஆட்ட, ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்து இருவரும் அவரைக் கும்பிட்டார்கள். தெருமுனையில் வண்டியை நிறுத்தவே விடாத எதிர்வீட்டுக்காரர், இப்போது தன் ஜன்னலுக்கு நேராக நிறுத்தச் சொல்கிறார். அவரைச் சொல்வானேன், நானே சாயங்காலம் வண்டியைக் கழுவி முடித்து ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்துவிடுகிறேன். மஞ்சள் வெயில் பட்டதும் எழுத்துகள் டேங்கைவிட்டு மெல்லக் கிளம்பி, மின்கம்பிக்கு மேலே மிதந்து போவதுபோல் இருக்கிறது. கையில் டீ ஆறி ஆடை கட்டிவிடுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்த எழுத்து பெயருக்கு மட்டும்தான், அதுவும் பெரிதாக இருந்தால்தான், நம்பருக்கு ஆகவே ஆகாது என்று எனக்குப் பாடம் எடுத்தவன் நீதான். பிறகு உனக்கே கை அரித்து, போன் நம்பரின் கடைசி எண்ணான ஒன்றின் தலையில் ஒரு கொண்டையை வைத்துவிட்டாய். அது ஊருக்கெல்லாம் ஏழாகத் தெரிகிறது. அந்த ஏழு, தனியாக வாழும் ஒரு பாட்டு டீச்சர் வீட்டு நம்பர்.

கூப்பிட்டவர்களிடம் விவரம் கேட்டறிந்து, ஏழுக்குப் பதில் ஒன்றை அழுத்தி அவரே என்னிடம் பேசினார். "ஒருத்தர் போன் பண்ணி, நிரம்பி வழியுது, உடனே வாங்கன்னார். பிள்ளைக்குப் பாட்டுதான் நிரம்பி வழியுதாக்கும்னு நினைச்சு, நான் வீட்டுக்கெல்லாம் வர்றதில்லை, பிள்ளையை நீங்கதான் கூட்டிட்டு வரணும்னு சொன்னேன். படக்குனு வச்சிட்டார்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அத்தை இறந்துபோன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் என்றால் டிவியிலிருந்து வருவது மட்டும்தான். அதனால் எனக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

அதிலிருந்து எனக்கு வரும் அழைப்பெல்லாம் அவர் வழியாகவே வருகிறது. யார் வீடு, எந்தத் தெரு, எவ்வளவு அவசரம் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பின்னால் பிள்ளைகள் பாடிக்கொண்டிருப்பார்கள். நான் குரலைக் கேட்டுக்கொண்டே முகவரியைக் கோட்டை விட்டுவிடுவேன். போன வாரம் கூப்பிடாத வீட்டுக்குப் போய், குழி மூடியையும் திறந்து வைத்துவிட்டேன். அந்த வீட்டுக்காரர் பேசியதைக் கடிதத்தில் எழுத முடியாது.

நேரில் மன்னிப்புக் கேட்கப் போனபோது, வண்டியைத் தெருக்கோடியில் மறைத்து நிறுத்தினேன். எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரே அவ்வளவு தூரம் நடந்து வந்தார். மூக்கைப் பொத்தவில்லை. வால் போகிற வழியைக் காற்றில் விரலால் வரைந்துகொண்டே சக்கரம் வரை போனார். "படிக்கத்தான் முடியலை. ஆனா பாத்துட்டே இருக்கலாம்" என்றார். நாளைக்கே நம்பரை மாற்றிவிடுகிறேன் என்றேன். சக்கரத்துப் பக்கம் இருந்த அந்தப் பூமொட்டின் மேல் விரலை வைத்து, "அவசரமில்லை" என்றார்.

அவசரமில்லை என்றால் என்னப்பா அர்த்தம்? ராத்திரி பகலாக யோசித்துவிட்டேன். குழி திறந்து கிடக்கிற தொழிலில் இருப்பவன் இப்படிக் கனாக் கண்டுகொண்டே நடந்தால் ஒருநாள் உள்ளேதான் விழுவான். அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பெயிண்டோடு வந்து சேர். கொடி, இலை, பாதம் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுப் பழைய குண்டு எழுத்தையே போடு. கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும்.

கை நடுங்காமல், கோடு பிசகாமல், நூறு வயது நீ வாழ வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் மாமன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டீச்சர் போன் செய்தார். முகவரி எழுதக் காகிதத்தை எடுத்தேன். "இன்னிக்கு யாரும் கூப்பிடலை. நானாத்தான் கூப்பிட்டேன்" என்றார். மேலே எழுதியது எதையும் படிக்காதே. பெயிண்ட் வேண்டாம், உன் அம்மாவை அழைத்துக்கொண்டு வா. டீச்சர் வீட்டில் போய்ச் சம்பந்தம் பேசுவதற்கு எனக்குப் பெரியவள் என்று அவள்தானே இருக்கிறாள்.