சும்மா இருக்கும் சிப்புக்கு எத்தனை கரண்ட்?

ஒரு காட்டில், மனுப்போடாமல் மரம்கூடப் பூக்காத ஒரு காட்டில், சிலுப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. குப்பையில் கிடந்த காகிதங்களைப் படித்துப் படித்தே மின்சார வேலை கற்றுக்கொண்ட ஜீவன்.

குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வரும் மான்களில் வாரம் ஒன்றைச் சிறுத்தை தூக்கிக்கொண்டிருந்தது. சிலுப்பன் ஒரு கருவி செய்தது. சிறுத்தையின் காலடியை மைக் கேட்கும். ஆம்ப்ளிஃபயர் சிப் அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கியில் அலறவைக்கும். பேட்டரியை மட்டும் காட்டு அலுவலகம் தர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள். அதனால் படிவத்தில் ஒரு கேள்வி: ‘சத்தமே இல்லாமல் சும்மா இருக்கும்போது சிப் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் குடிக்கும்? எல்லா வெயிலுக்கும் சேர்த்துச் சொல்லவும்.’

சிப்போடு வந்த தாளில் இருபத்தைந்து டிகிரிக்கு மட்டும் அதிகபட்சம் போட்டிருந்தது: ஒரு மில்லி ஆம்பியர். வெயில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கோடு வரைந்திருந்தார்கள். அதுவும் சராசரி சிப்புக்கு.

“சராசரியையே எழுதிடவா?” என்று பக்கத்தில் காத்திருந்த பூவணி மானிடம் கேட்டது சிலுப்பன்.

“சராசரியாப் பார்த்தா நாங்க எல்லாரும் உயிரோடதான் இருக்கோம் அண்ணே. போன வாரம் போனது என் தங்கச்சி.”

சிலுப்பன் முள்ளை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. பாறை கொதிக்கும் எழுபது டிகிரியில் சராசரி சிப் ஒன்றரை மடங்கு குடிக்கிறது. தாளில் போட்ட ஒரு மில்லி ஆம்பியரையும் குடிக்கும் பெருங்குடிகாரச் சிப்பும் அதே ஒன்றரை மடங்கு ஏறும் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மில்லி ஆம்பியர். தீப்பெட்டி அளவு பேட்டரி போதும்.

முதல் மேசையில் நரி.

“அதே மடங்குதான் ஏறும்னு உனக்கு யாருய்யா எழுதிக் கொடுத்தது?”

“யாரும் இல்லீங்க ஐயா. கோட்டைப் பார்த்து நானா மதிப்பிட்டது.”

“பேட்டரி தீர்ந்து மான் செத்தா என் வாலைத்தான் பிடிப்பாங்க.” நரி இரண்டால் பெருக்கிக் கையெழுத்திட்டது.

அடுத்த மேசைக் கீரி, “நரியே பயந்திருக்குன்னா உள்ள ஏதோ விஷயம் இருக்கு” என்று மறுபடி இரண்டால் பெருக்கியது. மொத்தம் பதினொரு மேசை. கடைசியில் கரடி முத்திரை குத்தியபோது விடை மூவாயிரத்து எழுபத்திரண்டு மில்லி ஆம்பியர். ஒரு மாதத்துக்குப் பதினைந்து லாரி பேட்டரி.

“ஐயா, ரெண்டாயிரம் மடங்கு கூடியிருக்குங்க.”

“குறையலையே? போ.”

பதினைந்து பேட்டரியையும் யானைதான் இழுத்து வந்தது. பெற்றுக்கொண்டதற்குப் பதினொரு மேசையும் கையெழுத்துப் போடும்வரை சரக்கை விட்டு நகரக்கூடாது என்பது விதி. யானை குட்டைக்கரையிலேயே நின்றது. நாள் போனது, வாரம் போனது. சிறுத்தை புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது, யோசித்தது, பக்கத்து மலைக்குக் குடிபோனது.

மான்கள் மூச்சுமுட்டத் தண்ணீர் குடித்தன. சிலுப்பன் ஆசையோடு கருவிக்கருகே போனது.

“பூவணி, சுவிட்சைப் போடட்டுமா?”

“வேணாம் அண்ணே,” என்றது பூவணி மெதுவாக. “சத்தம் கேட்டா யானை மிரண்டு போயிடும்.”

நீதி: கணக்கு சரியாக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை, இழுத்துவர ஒரு யானை தேவைப்படும் அளவுக்குத் தப்பாக இருந்தால் போதும்.