ஸாரி வேறு, ரிக்ரெட் வேறு

ஜெபதாசின் மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்ப் பத்து நாள் ஆயிற்று. அன்றிலிருந்து கிரேசி தன் புருஷன் ஜெபதாசோடு பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

தப்பு ஜெபதாஸ் மேல்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் அவன் டைம் ஆபீஸ் கிளார்க். இங்கிலீஷ் தெரிந்த திமிர் கொஞ்சம் உண்டு. ரிட்டயரான வாத்தியார் மாமனார் பேசிய இங்கிலீஷை விருந்தாளிகள் முன்னால் அப்படியே நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டான். வாய்க்கொழுப்பு. அவர் முகம் போன போக்கு இப்போதும் கண்ணிலேயே நின்றது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க மனசு வளையவில்லை.

"நேரா ஸாரின்னு சொல்லிட்டுப் போயேன்பா. இன்னா கொறஞ்சிடுவே?" என்றான் பக்கத்து வீட்டுத் தாவீது.

"ஸாரின்னா தப்பு எம்மேலன்னு ஒத்துக்கினு கையெழுத்துப் போடற மாதிரி. ரிக்ரெட்டுன்னா அப்படியில்ல. ஏதோ நடந்துபோச்சி, வருத்தமா கீது, அவ்ளோதான். யாரு செஞ்சதுன்னே அதுல வராது. வேலை இல்லன்னு கம்பெனி லெட்டர் போடுதே, ரிக்ரெட்டுன்னுதான் போடும். எந்த மேனேஜராவது ஸாரின்னு எழுதிக்கீறானா?"

"வேலை கேட்டவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்பா."

ஜெபதாஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடந்த சம்பவத்துக்கு ரிக்ரெட் செய்வதாக ஆபீஸ் டைப்ரைட்டரில் இரண்டே வரி அடித்து, அடுப்பங்கரை மேடையில் வைத்தான். கிரேசி படித்தாள். மடித்து பைபிளுக்குள் வைத்தாள். சாயங்காலம் காபியோடு முறுக்கும் வந்தது. தலை குனியாமல் காரியம் முடிந்தது என்று மீசையைத் தடவிக்கொண்டான்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் ஸ்தோத்திரக் காணிக்கைச் சீட்டுகளை வாசித்தார். பிள்ளை பாஸானதற்கு ஒன்று, காய்ச்சல் விட்டதற்கு ஒன்று. மூன்றாவது இது: "என் தகப்பனாரை அவமதித்த தப்பை உணர்ந்து என் புருஷன் ஜெபதாஸ் மன்னிப்புக் கேட்டதற்காக, கிரேசி."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்தச் சகோதரன் முன்னால வரட்டும், ஜெபம் பண்ணுவோம்," என்றார் போதகர்.

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முதல் வரிசையில் மாமனார் உட்கார்ந்திருந்தார். வரவழைத்தது யாரென்று கேட்கவும் வேண்டுமா? நான் மன்னிப்பே கேட்கவில்லை என்று சபை நடுவில் சொல்லத்தான் முடியுமா? எழுந்து போய் அவர் எதிரில் நின்றான். பெரியவர் நகர்ந்து, அவன் உட்காரப் பக்கத்தில் இடம் விட்டார். அதில்தான் அவன் உடைந்து போனான். இந்த மனுஷரையா கேலி செய்தோம் என்றிருந்தது.

"மாமா... ஸாரி," என்றான். முழு மனசோடுதான் சொன்னான். குரல்தான் எழும்பவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து கிரேசி, இத்தனை நாளில் முதல் தடவையாக அவனிடம் வாயைத் திறந்தாள்.

"சத்தமா சொல்லுங்க. கடைசி பெஞ்சுக்குக் கேக்கல."