ராஜாகோட்டைக்குப் பின்னால் போன சூரியன்

செஞ்சி,
14-2-1964

பெரிய மச்சான் அப்பாண்டைநாதன் அவர்களுக்கு, சம்பவநாதன் வணக்கத்தோடு எழுதுவது. ஜினேந்திரர் அருளால் இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் சொன்ன அவலூர்பேட்டை ஜீவரத்தினம், மகன் சீதளநாதனோடு நம் நீலாஞ்சனாவைப் பெண் பார்க்க வந்தார். பஸ் வழியில் மக்கர் பண்ணியதால் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். இருட்டினால் ஜைனர்களான நாம் பல்லில் பச்சைத் தண்ணீர் படவிடமாட்டோம் அல்லவா, அதனால் உங்கள் தங்கை ராஜமதி நலம் விசாரிப்பதைக்கூட ஒதுக்கிவிட்டு முற்றத்தில் இலை போட்டாள். கேசரி விழுந்தது, வடை விழுந்தது, மலை நிழலும் விழுந்தது. பொழுது போய்விட்டது, இனி எப்படிச் சாப்பிடுவது என்று ஜீவரத்தினம் கையை எடுத்துவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாளாய் நான் தர்க்கம் படிப்பவனாயிற்றே. சூரியன் ராஜாகோட்டை மலைக்குப் பின்னால்தான் போயிருக்கிறது, அதோ எதிரே ராணிக்கோட்டை மலை உச்சியில் வெயில் இருக்கிறது, சூரியன் இல்லாமல் அந்த வெயிலுக்கு வேறென்ன காரணம் சொல்லமுடியும், ஆகவே சாப்பிடலாம் என்றேன். என் போதாத காலம், அவரும் தர்க்கம் படித்தவர். கருதி, அதாவது ஊகித்து, அறிவதெல்லாம் கண்ணால் காண்பதற்கு அப்புறம்தான், என் கண்ணுக்குச் சூரியன் தெரியவில்லை என்றார். இரண்டும் ஒத்துவராவிட்டால் நம்பத்தகுந்தவர் சொல்லைக் கேட்கவேண்டும் என்று, மலைக்கு அந்தப் புறமிருந்து வண்டி ஓட்டிவந்த மதலைமுத்துவைத் தெருவில் நிறுத்தினோம். "நான் மாட்டப் பாத்துனு வந்தேன், சூரியன யாரு பாத்தா?" என்றுவிட்டார்.

பிறகு கண்ட அறிவு, கருதிய அறிவு, கேட்ட அறிவு, மூன்றில் எது பெரிது என்று வரிசைப்படுத்த உட்கார்ந்தோம். மச்சான், அந்த மஞ்சள் வெயில் பாறை பாறையாக மேலே ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டே பேசினதில் எனக்கு ஒரு கிறக்கம். மலை காற்றில் மிதந்தது. இலையும் வீடும் வந்தவர்களும் எங்கோ தூரத்தில் இருந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறோம் என்பதே மறந்துபோயிற்று. உச்சிப் பாறையும் கறுத்தது; எந்த வகை அறிவாலும் மறுக்கமுடியாதபடி இருட்டிவிட்டது. எல்லோரும் பட்டினி. ஜீவரத்தினம் மகனை அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

இன்றுவரை சேதி இல்லை. அவருக்குக் கோபம் என்றால் அது பொருந்துகிறது. வேறு பெண் பார்க்கிறார் என்றாலும் பொருந்துகிறது. வாதத்தில் தோற்ற வெட்கம் என்பதுதான் மிக நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் அதைச் சொன்னால் ராஜமதி கரண்டியை எடுக்கிறாள். என் வாயால் பெண்ணின் வாழ்க்கை போயிற்றே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள்தான் அவலூர்பேட்டைக்குப் போய்ப் பேசவேண்டும். வாதத்தில் அவரே ஜெயித்தார் என்றும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சம்பவநாதன்

பின்குறிப்பு: நீலாஞ்சனா என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை பட்டினி இல்லையாம். நாங்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கொல்லைப்பக்கம் கை கழுவப் போயிருக்கிறார், இவள் வடை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "உச்சியில வெயில் இருக்குது, சாப்பிடலாம்னாரு அவரு, நைனா. உங்க கட்சிதான்" என்கிறாள். இத்தனை நேரம் தன் நைனா ஜீவரத்தினத்தோடு வாதாட இதுவரை ஒரு ஆள் கிடைத்ததில்லை, இனி அவர் இந்தச் சம்பந்தத்தை விடமாட்டார், வாதத்துக்குப் பதில் யோசித்து முடித்ததும் வந்து வைகாசியில் நாள் குறிப்பார் என்றும் மாப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனாராம். ஆகவே நீங்கள் அவலூர்பேட்டைக்குப் போகவேண்டாம். இதை ஏனம்மா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்னை யாரு கேட்டாங்க நைனா?" என்றாள்.