எங்கள் வீட்டில் யாரும் கதவை அறைவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழை முன்னட்டை தொடங்கிப் பின்னட்டை விளம்பரம் வரை விடாமல் படிக்கும் வாசகன் எழுதுவது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சுக்கூடத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நலம் விசாரித்தாகிவிட்டது, இனி சண்டைக்கு வருகிறேன்.

தாங்கள் வெளியிடும் தொடர்கதையில் வருகிற பதினைந்து வயதுப் பெண், வாரம் தவறாமல் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்துகிறாள். டிவி நாடகத்திலும் அதே படார், சினிமாவிலும் அதே படார். இந்த வயதுப் பிள்ளைகள் கதவை உடைக்கவே பிறந்தவர்கள் என்று யார் ஐயா உங்களுக்குச் சொன்னது? கதவைப் பற்றி என்னிடம் யாரும் கதைவிட முடியாது. கதவு தானாக மெல்ல மூடுவதற்கு மேலே மாட்டுகிற டோர் குளோசரைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் இருபது வருடமாக என் பிழைப்பு. ஆஸ்பத்திரி, வங்கி, ஏன், என் வீட்டு அறைகள் முழுக்க நானே மாட்டியவைதான்.

எனக்கும் பதினைந்து வயதில் ஒரு மகள். தொடர் ஆரம்பித்த நாள்முதல் சோறு இறங்கவில்லை. நம்ம வீட்டுப் படார் எப்போ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. சரி, சோதித்தே பார்த்துவிடலாம் என்று நானே வம்பை விலைக்கு வாங்கினேன். முடியைக் கட்டையாக வெட்டக் கூடாது என்றேன். "சரிப்பா" என்று உள்ளே போனாள், கதவு பூப்போல மூடியது. தோழி வீட்டில் தங்கக் கூடாது என்றேன், மறுபடி பூப்போல. வெளியே காதை ஒட்டிவைத்து நின்றேன், அவள் திடீரென்று திறந்ததில் நெற்றி புடைத்ததுதான் மிச்சம். தைலம் தேய்த்துவிட்டவளும் அவளே. கடைசியாகப் பெரிய குண்டாகப் போட்டேன். பள்ளி நீச்சல் அணிக்குத் தேர்வாகி, வெளியூர்ப் போட்டிக்கு அப்பா கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினாள். மூன்று வருடமாக விடியுமுன்னே எழுந்து நீந்தப் போகிற பெண். முடியாது என்றேன். "சரிப்பா." அவ்வளவுதான், கதவு மூடிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் ஐயா! தாளைக் கொடுக்க நாளை கடைசி நாள், மகள் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. என் மனைவி மட்டும், "உங்களுக்கு ஒண்ணுமே புரியலை" என்கிறாள். பொறாமை, வேறென்ன? அந்தக் கதாசிரியரை என் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், பிள்ளை வளர்ப்பது எப்படி என்று காட்டுகிறேன். அதுவரை தொடரை நிறுத்தி வைக்கவும்.

தங்கள் இதழ் லட்சம் வீடுகளில் நுழைய வாழ்த்தும்,
கதவுக்காரன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது மகள் அறைக் குளோசரில் எண்ணெய் கசிவதைப் பார்த்துக் கழற்றி வந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். படார்! சுவர்க் கடிகாரம் கீழே கிடந்தது. மனைவி தலைகூட நிமிரவில்லை. "ஒரு வருஷமா இப்படித்தான் சாத்துறா. நீங்க மாட்டின மெஷின்தான் சத்தத்தை முழுங்கிட்டு இருந்துச்சு" என்றாள்.

வெட்கமாகப் போய்விட்டது ஐயா. கதவைத் தட்டிக் காத்து நின்றேன். சிவந்த கண்ணோடு திறந்தாள். "அந்தத் தாளைக் கொடும்மா" என்றேன். கையெழுத்துப் போட்டு முடிப்பதற்குள், முடியையும் வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டாள், கெட்டிக்காரி. வெட்டிக்கோ என்றேன்.

தொடரை நிறுத்த வேண்டாம். குளோசரையும் நான் திரும்ப மாட்டப் போவதில்லை. அடுத்த வாரம் போட்டி. கடிகாரத்தையே கீழே தள்ளின கை ஐயா அது, தண்ணீரைச் சும்மா விடுமா?